பக்கம் பதினான்கில் திசை குறிப்பிடப்படவில்லை

பழைய கார்களுக்கு வாரண்டி விற்கிற ஒரு கம்பெனி தன் சின்னமாக நங்கூரத்தை வைத்துக்கொண்டால், அதிலேயே நமக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். ஒன்றல்ல, மூன்று நங்கூரம். கப்பல் நகராமல் இருப்பதற்காகப் போடுகிற சாமான் அது. ட்ரிபிள் ஆங்கர் வாரண்டி கம்பெனிக்காரர்கள் மேல் எனக்கு ஆயிரம் கோபம் உண்டு, ஆனால் எதையும் மறைத்தார்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன். பேனாவிலும் காலண்டரிலும் சாவிக்கொத்திலும் பளிச்சென்று அச்சடித்துத்தான் கொடுத்தார்கள். நாங்கள்தான் அழகாக இருக்கிறதே என்று வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டோம்.

நான் இந்தியானாவில், சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் இழுவை வண்டி ஓட்டுகிறேன். பெயர் ரஸ். வழியில் படுத்துவிட்ட கார்களைக் கொக்கி போட்டு இழுத்துப்போவது என் பிழைப்பு. வாரண்டி கம்பெனிகளால் எனக்கு வருமானமே தவிர நஷ்டம் கிடையாது. அப்படிப்பட்ட எனக்கே வயிறு எரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோர்னா டிபெட்ஸ் என் பக்கத்து வீட்டுக்காரி. இருபத்துமூன்று வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் சமையல். இந்த ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற யாரைக் கேட்டாலும் அவள் மசித்துப் போட்ட உருளைக்கிழங்கைத் தின்று வளர்ந்தவர்கள்தான். அந்த உரிமையில் ஷெரீப் முதல் பல் டாக்டர் வரை எல்லோரையும் ‘கண்ணு’ என்றே கூப்பிடுவாள். இன்னும் இரண்டே வருஷம் வேலை பார்த்தால் பென்ஷன். அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையை மூடி, பதினெட்டு மைல் தள்ளி இருக்கிற பெரிய பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். ஆகஸ்ட் பதினெட்டாம் தேதியிலிருந்து காலை ஐந்தரைக்கு அங்கே அடுப்பு எரிய வேண்டும். மூன்று நாள் தாமதமானால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்களாம். நான் அழைத்துப் போகலாமென்றால் என் ஷிப்ட் முடிவதே காலை ஏழு மணிக்கு. எங்கள் ஊரில் பஸ் என்றால் மஞ்சளாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகுமே, அது ஒன்றுதான்.

அதனால் ஏப்ரலில் லோர்னா ஒன்பது வயதுக் கார் ஒன்றை வாங்கினாள். கூடவே ட்ரிபிள் ஆங்கரின் மூன்று வருஷ வாரண்டி. நாற்பத்தெட்டுப் பக்கம். “முன் பம்பர்லேருந்து பின் பம்பர் வரைக்கும் எல்லாமே இதுல அடக்கம் மேடம்” என்று விற்றவன் சொன்னான். பம்பர்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நாற்பத்தொன்றாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வெளியே வந்தாள். முன்னால் போகிற கியரைப் போட்டால் என்ஜின் உறுமுகிறது, கார் நகரவில்லை. ரிவர்ஸ் போட்டால் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போகிறது. முன், பின், முன், பின் என்று பத்துத் தடவை பார்த்தாள். பின்னால் மட்டும்தான். பின் சீட்டில் சர்ச் விருந்தில் மிஞ்சிய பீன்ஸ் தட்டு ஆறிக்கொண்டிருந்தது. கழுத்தைத் திருப்பினாள், நாலு மைல் ரிவர்ஸிலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். காரின் முகம் சர்ச்சைப் பார்த்தபடியே இருந்ததால், அவள் திரும்பி வருகிறாளாக்கும் என்று நினைத்துப் போதகர் வெகு நேரம் வாசலிலேயே நின்றிருக்கிறார்.

மறுநாள் கம்பெனிக்கு போன் போட்டாள். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்’ என்று ஒரு குரல். பிறகு புல்லாங்குழல். நாற்பத்தேழு நிமிஷம் புல்லாங்குழல். அப்புறம் ஒரு பெண் வந்தாள்.

“மேடம், கார் நகருதா?”

“நகருது கண்ணு. ஆனா பின்னாடிதான்.”

“நகருதா, நகரலையா, அதை மட்டும் சொல்லுங்க.”

“நகருது.”

“அப்ப கோளாறே இல்லையே மேடம்! பக்கம் பதினாலு, மூணாவது பத்தி. ‘வாகனம் தன் சொந்த சக்தியால் நகர இயலாமற் போனால்’னுதான் இருக்கு. உங்களோடது நகருது. வாழ்த்துக்கள்.”

“அடி கண்ணு, முன்னாடி போக மாட்டேங்குதே!”

“எந்தப் பக்கம் போகணும்கறது ஒப்பந்தத்துல இல்ல மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?”

லோர்னா பக்கம் பதினான்கைத் தேடிப் பிடித்து என்னிடம் காட்டினாள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. உண்மைதான். திசை குறிப்பிடப்படவில்லை. நான் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன், அவள் என் முதுகில் ஓர் அடி வைத்தாள். அவள் இருக்கிற இடத்தில் அந்த வார்த்தையெல்லாம் கூடாது.

அவள் விடவில்லை. தினமும் போன் செய்தாள். பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடியிருந்தது, நேரம் இருந்தது. அந்தப் புல்லாங்குழல் ராகம் எங்கள் தெருவுக்கே மனப்பாடமாயிற்று. மூன்றாவது வாரம் கம்பெனி இறங்கி வந்து ஓர் இன்ஸ்பெக்டரை அனுப்பியது. டாட் என்று பெயர், முப்பது வயது. காரை விட்டு இறங்கியதும் லோர்னாவைப் பார்த்து முகம் சிவந்துவிட்டது. அவனும் அவளுடைய உருளைக்கிழங்கைத் தின்று வளர்ந்தவன்தான்.

“நீயா கண்ணு! பட்டாணியை எல்லாம் பொறுக்கித் தட்டு ஓரத்துல வைப்பியே, அந்த டாட்தானே?”

“ஆமா மேடம்,” என்றான் தலையைக் குனிந்துகொண்டு. பிறகு குரலை இறுக்கிக்கொண்டு, “மேடம், நான் இப்ப அலுவல்பூர்வமா வந்திருக்கேன்” என்றான்.

நான் கார் அடியில் பலகை போட்டுப் படுத்து, ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். டாட் அலறினான்.

“சார், தொடாதீங்க! கியர் பாக்ஸைத் திறந்தா வாரண்டி செல்லாது.”

“திறக்காம எப்படிப்பா உள்ளே என்ன கோளாறுன்னு பார்ப்பே?”

“பார்க்கணும் சார். உள்ளே கோளாறு இருக்குன்னு கண்ணால பார்த்து உறுதிப்படுத்தினாத்தான் திறக்க அனுமதி குடுப்போம்.”

“திறந்தாத்தானே பார்க்க முடியும்?”

“அனுமதி வாங்கித் திறக்கலாம் சார்.”

“அனுமதி எப்பக் குடுப்பீங்க?”

“பார்த்தப்புறம்.”

எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்பேனரை அவன் பக்கம் திருப்பியிருப்பேன், லோர்னா என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். டாட் மண்டியிட்டு, கியர் பாக்ஸை விரல் முட்டியால் மூன்று தரம் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். கிழங்கு வெந்ததா என்று பார்ப்பவள் மாதிரி லோர்னாவும் குனிந்து நின்றாள். பிறகு டாட் எழுந்து எழுதினான்: ‘கியர் பாக்ஸ் மூடிய நிலையில் உள்ளது. உட்புறம் குறித்துத் தகவல் இல்லை. ஆகவே கோளாறு நிரூபிக்கப்படவில்லை.’ போகும்போது அவள் கொடுத்த பிஸ்கட்டை வாங்கிக்கொண்டான். அதற்கும் ஒரு ரசீது எழுதிக் கொடுத்தான், அன்பளிப்பு வாங்கினால் பதிவு செய்ய வேண்டுமாம்.

அடுத்த கடிதம் வந்தது. கார் பிறந்த நாளிலிருந்து கியர் ஆயில் மாற்றிய ரசீதுகள் எல்லாவற்றையும் அனுப்ப வேண்டும், முந்தைய உரிமையாளர்கள் மாற்றியது உட்பட. முதல் உரிமையாளர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆயிற்று. லோர்னா கார் தயாரித்தவர்களே கொடுத்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். அதில் கொட்டை எழுத்தில் இருந்தது: ‘இந்த ஆயில் ஆயுளுக்கும் போதுமானது. மாற்ற வேண்டியதில்லை. திறக்காதீர்கள்.’ அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து அனுப்பினாள். அதற்குப் பதிலாக, நேரில் வரும்படி இண்டியானாபோலிஸ் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ‘நிம்மதிக் குழு’ விசாரிக்குமாம்.

ஜூலை கடைசி. பள்ளி திறக்க மூன்று வாரம்தான் இருந்தது. காரை என் கொக்கியில் மாட்டிக்கொண்டு, லோர்னாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போனேன். அவள் மடியில் நாற்பத்தெட்டுப் பக்கமும் இருந்தது, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தாள். பாதி வழியில், “இருபத்துமூணு வருஷம் ரஸ். ஒரு நாள் லேட் கெடையாது. பனியில நடந்தே போயிருக்கேன்” என்றாள். பதினெட்டு மைலை நடக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ரேடியோவைத் திருகினேன்.

அலுவலகம் பளிங்கு. வரவேற்பறையில் செயற்கை அருவி. அங்கேயும் அதே புல்லாங்குழல். சுவரில் ‘இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்’ என்று டாட்டின் படம், கீழே ‘இன்ஸ்பெக்‌ஷன்: நூற்றுப்பன்னிரண்டு. அனுமதி: பூஜ்யம்.’ பக்கத்தில் எங்கள் மாவட்டத் திருவிழாவின் போஸ்டர். கார்களை ஒன்றோடொன்று மோதவிடுகிற பந்தயம், ‘ட்ரிபிள் ஆங்கர் கோப்பை’, முதல் பரிசு ஐந்து வயது நீலக் கார். லோர்னா அதன் முன்னால் நின்று நிதானமாகப் படித்தாள்.

குழு என்றார்களே தவிர உள்ளே இருந்தவர் ஒரே ஆள்தான். தலைவர் தாடியஸ் க்ரம். வெள்ளைத் தலை, சட்டை மடிப்பில் தங்க நங்கூரம். எழுந்து நின்று இரண்டு கையாலும் லோர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மேடம், உங்க வலி எனக்குப் புரியுது. ஆயில் ஆயுளுக்கும் போதும்னு போட்டிருக்கு, சரி. யாரோட ஆயுளுக்கு? ஆயிலோட ஆயுளுக்கு! அந்த ஆயில் ஒன்பது வருஷம் நல்லா வாழ்ந்துச்சு. அதோட சேர்ந்து கியர் பாக்ஸும் கண்ணை மூடிருச்சு. அது இயற்கை மரணம். இயற்கை மரணத்துக்கு யாராவது பொறுப்பேத்துக்க முடியுமா?”

“சரி கண்ணு, அப்ப அல்பாயுசுல போனா?”

அவரைக் கண்ணு என்று யாரும் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். சட்டையிலிருந்த நங்கூரத்தைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார்.

“அல்பாயுசுல போனா நீங்க சரியா ஓட்டலைன்னு அர்த்தம் மேடம். அதுக்கு வாரண்டி கெடையாது.”

“அப்ப எதுக்குத்தான் வாரண்டி?” என்று நான் எழுந்தேன்.

க்ரம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஜன்னல் பக்கம் போய் நின்று, மேடைப் பேச்சுக் குரலில் ஆரம்பித்தார்.

“எல்லாரும் செய்யற தப்பு இதுதான். நாங்க ரிப்பேர் விக்கிறோம்னு நெனைக்கிறாங்க. எங்களுக்கு கியர் பாக்ஸ்னா என்னன்னே தெரியாது! இந்தக் கட்டடத்துல முந்நூறு பேர் இருக்கோம், ஒருத்தர் கையில எண்ணெய்க் கறை பார்க்க முடியாது. நாங்க விக்கிறது நிம்மதி. மேடம், கையெழுத்துப் போட்ட அன்னிக்கு நல்லாத் தூங்கினீங்களா?”

“தூங்கினேன்.”

“அடுத்த நாள்?”

“தூங்கினேன்.”

“நாப்பத்தொரு ராத்திரி தூங்கியிருக்கீங்க. அதுதான் எங்க சரக்கு. டெலிவரி ஆயிருச்சு. இப்ப வந்து, தூங்கி முடிச்ச தூக்கத்தைத் திருப்பித் தர்றேன், பணத்தைக் குடுங்கன்னா எப்படி? நாங்க இன்னிக்கு ஒரு கியர் பாக்ஸை மாத்திக் குடுத்தோம்னு வைங்க. நாளைக்கு எல்லாரும் கியர் பாக்ஸைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சுருவாங்க. நாட்டுல ஒருத்தர் தூங்க முடியாது. அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன்.”

சொல்லும்போது அவர் கண் உண்மையாகவே கலங்கியது. லோர்னா பொறுமையாகக் கேட்டாள்.

“அந்த மோதல் பந்தயம் உங்களோடதா கண்ணு?”

“ஆமா மேடம். சமூக சேவை.”

“அதுல யாரு ஜெயிப்பா?”

“கடைசி வரைக்கும் எந்தக் கார் நகருதோ, அதுதான்.”

“நகர்ந்தாப் போதுமா?”

“போதும் மேடம்.”

“சரி,” என்று லோர்னா காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. மோதல் பந்தயத்தில் எவனும் முன்பக்கத்தால் மோத மாட்டான். முன்னால்தான் ரேடியேட்டர் இருக்கிறது, அது உடைந்தால் ஆட்டம் முடிந்தது. எல்லோரும் ரிவர்ஸில் வந்து பின்பக்கத்தால்தான் இடிப்பார்கள். ஆனால் ஆம்பளை புத்தி, ரத்தம் சூடேறினால் ஒரு தடவையாவது முன்னால் பாய்ந்துவிடுவான். பாதிப் பேர் தோற்பது அதனால்தான். அந்தச் சபலம் லோர்னாவின் காருக்குக் கிடையாது. மேலும் மற்றவர்களுக்குப் பத்து நிமிஷம் பின்னால் பார்த்து ஓட்டினால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். இவள் ஒன்பது வாரமாகக் கடைக்கும் தபால் ஆபீசுக்கும் காட்டுப் பாதை வழியாக ரிவர்ஸில்தான் போய் வந்துகொண்டிருந்தாள். ஷெரீப்பும் ஒரு காலத்தில் டாட் மாதிரி அவளிடம் பட்டாணி வாங்கித் தின்றவர்தான், அதனால் அந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்தியிருந்தார்.

பந்தயத்துக்காகக் காரின் கண்ணாடிகளைக் கழற்றினேன். கதவுகளை வெல்டிங் வைத்தேன். காரின் மேல் ஏதாவது பெயர் எழுதுவது வழக்கம். மற்றவர்கள் எல்லாம் எமன், பூகம்பம் என்று எழுதியிருந்தார்கள். லோர்னா சமையலறை எழுத்தில் ‘பக்கம் 14’ என்று எழுதினாள்.

ஆகஸ்ட் ஒன்பது, சனிக்கிழமை மத்தியானம். சேற்று மைதானம், பதினாறு கார்கள், கையில் சுட்ட சோளத்தோடு ஊரே உட்கார்ந்திருந்தது. லோர்னா ஹெல்மெட்டுக்குள் சமைக்கும்போது முடி விழாமல் கட்டுகிற வலையையும் போட்டிருந்தாள். கொடி இறங்கியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், பயம்தான். திறந்தபோது ஏழு கார்கள் புகைந்துகொண்டிருந்தன. ‘பக்கம் 14’ ஓரமாக, வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்கு இடம் விடுகிற மாதிரி ஒதுங்கி ஒதுங்கிப் போய், நேரம் பார்த்து ஒரு இடி. மறுபடி ஒதுங்கல். கடைசியில் மிஞ்சியது அவளும், பூகம்பம் என்று எழுதியிருந்த ஒரு தடியனும். தடியன் பொறுமை இழந்தான். கியரை மாற்றி முன்னால் பாய்ந்தான். லோர்னா நேராகப் பின்னால் வந்து அவன் ரேடியேட்டரில் உட்கார்ந்தாள். புஸ்ஸென்று ஆவி. பூகம்பம் நின்றது. அந்தப் புகைக்குள்ளிருந்து ‘பக்கம் 14’ மெதுவாக வெளியே வந்தது, முகத்தை எங்களுக்குக் காட்டிக்கொண்டே பின்னால் போனது. ஊரே எழுந்து நின்று கத்தியது. நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மேடையில் க்ரம் மைக்கைப் பிடித்தார். “பாருங்க மக்களே! பதினாறு காருல எது கடைசி வரைக்கும் நகர்ந்துச்சு? எங்க வாரண்டி உள்ள கார்! ட்ரிபிள் ஆங்கர் தொட்டா எதுவும் நிக்காது!”

லோர்னா சேறு வடிய ஏறி வந்து மைக்கை வாங்கினாள். “உண்மைதான். இவங்க ரிப்பேர் பண்ணிக் குடுத்திருந்தா நான் தோத்திருப்பேன். ரொம்ப நன்றி கண்ணு,” என்றாள். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. க்ரமும் சிரித்தார், பாராட்டு என்று நினைத்துவிட்டார்.

நீலக் காரின் சாவியை நீட்டுமுன் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார். “இந்தக் காருக்கு மூணு வருஷ வாரண்டி இலவசம் மேடம். கையெழுத்துப் போடுங்க.”

லோர்னா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “வேண்டாம்.”

“இலவசம் மேடம்!”

“வேண்டாம் கண்ணு.”

இலவச வாரண்டியை இதுவரை ஒருத்தர்கூட மறுத்தது கிடையாதாம். மேடையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு மறுப்பதற்கும் ஒரு படிவம் இருப்பதை டாட் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். பெயர், முகவரி, மறுப்பதற்கான காரணம். லோர்னா சேற்றுக் கையால் பேனாவை வாங்கிக் காரணத்தை எழுதினாள்: ‘இந்த வண்டி ஓட வேண்டும்.’

சாவி கைக்கு வந்ததும் நான் காரில் ஏறி, முன்னால் பத்தடி போய்ப் பார்த்தேன். போயிற்று. பின்னால் வந்து பார்த்தேன். வந்தது. அப்புறம்தான் அவளை ஏறவிட்டேன். பதினெட்டாம் தேதி ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கே புதுச் சமையலறையில் விளக்கு எரிந்தது.

அக்டோபரில், பகல் ஷிப்டுக்கு ஆள் வராத ஒரு நாள், அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் பழுதாகி நின்ற வாத்தியார் கார் ஒன்றை எடுக்கப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். லோர்னா என்னைச் சமையலறையில் உட்கார வைத்து ஒரு தட்டு நிறையக் கிழங்கு போட்டாள். அப்போது அவள் போன் அடித்தது. சத்தமாக வைத்தாள்.

“வணக்கம் மேடம், ட்ரிபிள் ஆங்கர்லேருந்து டாட் பேசறேன். இப்ப நான் விற்பனைப் பிரிவுல. உங்க புதுக் காருக்கு வாரண்டி எதுவும் இல்லைன்னு கவனிச்சோம். உங்ககிட்ட பேசணும்னு ரொம்ப நாளா முயற்சி பண்றோம்...”

“டாட் கண்ணு! உன் அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம். லைன்லயே இரு,” என்றாள் லோர்னா. போனைப் பாத்திரம் கழுவும் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கரண்டியை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள். புல்லாங்குழல் ராகத்தை முணுமுணுத்தபடி முந்நூறு பிள்ளைகளுக்குப் பரிமாறினாள். நான் இரண்டாம் தட்டும் தின்று முடித்தேன். நாற்பது நிமிஷம் கழித்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை எடுத்தாள்.

“மேடம்! எவ்வளவு நேரமா ஹலோ ஹலோன்னு கத்தறேன், யாருமே பதில் சொல்லலையே!”

“நீ கத்தினது இங்கே கேட்டுச்சு கண்ணு.”

“எனக்கு ஒண்ணும் கேக்கல மேடம்!”

“ஒரு பக்கம் கேட்டுச்சுல்ல? அப்ப லைன்ல கோளாறே இல்ல. எந்தப் பக்கம் கேக்கணும்னு எங்கேயும் எழுதலையே,” என்றாள் லோர்னா. போனை மறுபடி மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, “ரஸ், பட்டாணி போடட்டுமா?” என்று கேட்டாள்.